மெய்நிகர் உலகில் ஒரு பசுமைத் தீவு: முதல்முறை போகிறவர்களுக்கான வழிகாட்டி

மெய்நிகர் தீவு ஒன்றைச் சுற்றிப் பார்ப்பது எளிது. கால் வலிக்காது, டிக்கெட் வேண்டாம், பறக்கக்கூட முடியும். அதனாலேயே பலரும் ஐந்து நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு, அடுத்த இடத்துக்குத் தாவிவிடுகிறார்கள். நடனக் கூடத்துக்கோ கடைத்தெருவுக்கோ அது போதும். சூழல்நேயத் தீவுக்குப் போதாது. மழைநீர் எங்கே சேர வேண்டும், கழிவுநீர் எந்த வழியாகப் போக வேண்டும், வெயில் எந்தச் சுவரில் விழ வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துக் கட்டிய இடம் அது. அந்த யோசனையைப் பார்க்கத் தெரிந்தால்தான் தீவைப் பார்த்த மாதிரி.

இந்தக் கட்டுரை செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகை வைத்து எழுதப்பட்டது. லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூனில் இதைத் திறந்தது. நிலத்தையும் கருவிகளையும் மட்டும் நிறுவனம் தருகிறது. அங்கே நீங்கள் பார்க்கும் வீடு, மரம், படகு, பறவை எல்லாம் ஏறத்தாழ முழுக்கப் பயனர்கள் செய்தவை. வேறு மெய்நிகர் உலகத்தில் இருப்பவர்களுக்கும் கீழே வரும் பாதிக்கு மேற்பட்ட விஷயங்கள் பொருந்தும். பொத்தான்கள்தான் மாறும்.

கிளம்புவதற்கு முன்

கணக்கு தொடங்க பணம் வேண்டாம். ஒரு மின்னஞ்சல் முகவரி, ஒரு பயனர் பெயர், தொடக்கத்துக்கு ஓர் அவதார் (அந்த உலகில் உங்களுக்கான உருவம்), அவ்வளவுதான். பயனர் பெயரில் உங்கள் சொந்தப் பெயரை வைக்காதீர்கள். அது எல்லோருக்கும் தெரியும், பிறகு மாற்ற நினைத்தால் பணம் கேட்கும். இடங்களுக்கு மூன்று தரப்பிரிவுகள் உண்டு: ஜெனரல், மாடரேட், அடல்ட். சூழல் சார்ந்த கல்வித் தீவுகள் பெரும்பாலும் முதல் இரண்டில்தான் இருக்கும். 16, 17 வயதுக்காரர்களுக்கு ஜெனரல் பகுதிகள் மட்டுமே திறக்கும்.

உலகத்துக்குள் போக வியூவர் என்ற மென்பொருளைக் கணினியில் நிறுவ வேண்டும். லிண்டன் லேபின் சொந்த வியூவர் ஒன்று, தன்னார்வலர்கள் உருவாக்கிப் பராமரிக்கும் ஃபயர்ஸ்டார்ம் இன்னொன்று. இரண்டுமே இலவசம். புதிதாக வருபவர்களுக்கு முதலாவது போதும், மெனு குறைவு. பழகிய பிறகு ஃபயர்ஸ்டார்முக்கு மாறிக்கொள்ளலாம்.

உள்ளே நுழைந்ததும் ஒரே ஒரு அமைப்பை மட்டும் மாற்றுங்கள். பிரிஃபரன்சஸ் பகுதியில் கிராஃபிக்ஸ் என்பதற்குள் ‘டிரா டிஸ்டன்ஸ்’ என்று இருக்கும். எவ்வளவு தூரம் வரை உள்ள பொருள்களைக் கணினி வரைய வேண்டும் என்பதை அது சொல்கிறது. அதை 64 அல்லது 96 மீட்டரில் வையுங்கள். பசுமைத் தீவுகளில் மரங்கள் நெருக்கமாக இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக விழும் ஒளி ஊடுருவும் இலைப் படங்கள் கிராஃபிக்ஸ் கார்டைத் திணறடிக்கும். காடுள்ள தீவில் கணினி நொண்டுவதற்கு இணையத்தைக் குறை சொல்வதற்கு முன் இதைக் குறைத்துப் பாருங்கள்.

கேமராவைப் பழகுங்கள்

புதியவர்களை முதலில் வரவேற்புப் பகுதியில் இறக்கிவிடுவார்கள். அங்கேயே கொஞ்ச நேரம் நடந்து பழகுவது நல்லது. அம்புக்குறி விசைகளால் நடக்கலாம். பேஜ் அப் விசையை அழுத்திப் பிடித்தால் பறக்கத் தொடங்கலாம், பேஜ் டவுனால் இறங்கலாம். பொருளின் மேல் வலது கிளிக் செய்தால் உட்கார், தொடு போன்ற கட்டளைகள் வரும். இதெல்லாம் தானாக வந்துவிடும்.

கேமராதான் முக்கியம். செகண்ட் லைஃபில் உங்கள் கண் உங்கள் அவதாரின் தலையோடு ஒட்டியிருக்கவில்லை. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு, பார்க்க வேண்டிய பொருளின் மேல் இடது கிளிக் செய்து இழுத்தால் கேமரா அதை நோக்கிப் போகும், அதைச் சுற்றி வரும். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் மேலும் கீழுமாகச் சுற்றலாம். எஸ்கேப் விசை பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். கரையில் நின்றபடியே கடலடியைப் பார்க்கலாம், கூரைக்கு மேல் போய்ச் சூரியத் தகடுகளை எண்ணலாம், ஒரு குழாய் எங்கே போய் முடிகிறது என்று பின்தொடரலாம். இந்த ஒரு பழக்கம் கையில் வந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம். ஒரு மரத்தை எடுத்து, வேரிலிருந்து உச்சிவரை கேமராவை நகர்த்தத் தெரியும்வரை கிளம்பாதீர்கள்.

தீவைக் கண்டுபிடிப்பது

கன்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினால் தேடல் பெட்டி வரும். அதில் ‘பிளேசஸ்’ என்ற பிரிவைத் தேர்ந்தெடுங்கள். ஈகோ, சஸ்டெய்னபிள், பெர்மாகல்ச்சர், மாங்குரோவ், வெட்லேண்ட், கோரல் ரீஃப் போன்ற சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ‘கிரீன்’ என்று தேடினால் பயனில்லை, புல்வெளி உள்ள எல்லாமே வரும். நிறுவனம் தொகுத்து வைத்திருக்கும் டெஸ்டினேஷன் கைடு பட்டியலும் உதவும். அதில் கல்வி சார்ந்த இடங்களைத் தனியாகப் பாருங்கள்.

இணையத்தில் பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு, அதில் சொல்லியிருக்கும் தீவைத் தேடிப் போகிறவர்கள் ஏமாற வாய்ப்புண்டு. இங்கே தீவு வைத்திருப்பவர் மாதாமாதம் வாடகை கட்ட வேண்டும். கட்டுவது நின்றால் தீவு வரைபடத்திலிருந்தே போய்விடும். அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா 2000-களின் பிற்பகுதியில் இங்கே ஒரு தீவு நடத்தியது. கரையில் நின்று சுனாமி எழுவதைப் பார்க்கலாம், பனியாறு உருகுவதைப் பார்க்கலாம், ஆராய்ச்சி விமானத்தில் புயலுக்குள் பறக்கலாம், வானிலை பலூனோடு மேலே போகலாம். இப்படி அன்றைக்குப் பேசப்பட்ட பல தீவுகள் இன்று இல்லை. அதனால் பெயரை நம்பாமல், தேடலில் இன்று என்ன வருகிறதோ அதை நம்புங்கள்.

தேடல் முடிவில் டெலிபோர்ட் பொத்தானை அழுத்தினால் சில நொடிகளில் அங்கே இருப்பீர்கள்.

வந்து இறங்கிய முதல் சில நிமிடங்கள்

நகராதீர்கள். எல்லாம் சாம்பல் நிறமாகத் தெரியும், அப்புறம் ஒவ்வொன்றாக நிறம் வரும். பொருள்கள் சர்வரிலிருந்து இறங்கும் நேரம் அது. பாதி வந்த நிலையில் ஓடினால் இறக்கம் இன்னும் நீளும்.

இறங்குமிடத்தில் ஒரு பலகையோ பெட்டியோ இருக்கும். அதைத் தொட்டால் நோட்கார்டு என்ற குறிப்பு கிடைக்கும். தீவின் நோக்கம், விதிகள், சுற்றுலா வழித்தடம் எல்லாம் அதில்தான் எழுதியிருப்பார்கள். பலரும் வாங்கி மூடிவிடுகிறார்கள். படியுங்கள். நல்ல தீவுக்கு நல்ல நோட்கார்டு இருக்கும்.

தீவின் பொருள்கள் சில நேரம் உங்களிடம் அனுமதி கேட்கும். அவதாரை அசைக்க அனுமதி கேட்டால் கொடுக்கலாம். தோட்டத்தில் குழி தோண்டவோ துடுப்பு போடவோ அது தேவை. உங்கள் கணக்கிலிருந்து இந்த உலகின் நாணயமான லிண்டன் டாலர் எடுக்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். பார்வையாளருக்குச் செடி காட்டும் எந்தப் பொருளுக்கும் அந்த அனுமதி தேவையில்லை.

பறக்கும் வசதியைச் சில தீவுகளில் நிறுத்தி வைத்திருப்பார்கள். அது நடந்து பார்க்கச் சொல்லும் வேண்டுகோள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பறக்க முடிகிற இடத்திலும் முதல் சுற்றை நடந்தே முடிப்பதுதான் சரி. தீவு ஒன்றும் பெரிதல்ல. இங்கே நிலத்தின் அலகுக்கு ரீஜன் என்று பெயர். ஒரு முழு ரீஜன் என்பது 256 மீட்டர் நீளம், 256 மீட்டர் அகலம். பதினாறு ஏக்கருக்குச் சற்று அதிகம்.

தண்ணீரைப் பின்தொடருங்கள்

இனி உண்மையான பயணம். எங்கே தொடங்குவது என்று கேட்டால், தண்ணீரில் தொடங்குங்கள் என்பேன். ஆற்றல், உணவு, கழிவு என்று எந்த இழையையும் பிடிக்கலாம். ஆனால் தீவு முழுவதையும் தொட்டுக்கொண்டு போகிற ஒரே இழை தண்ணீர்தான்.

ஒரு வீட்டின் கூரையில் ஆரம்பியுங்கள். கூரை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது? விளிம்பில் வடிகால் இருக்கிறதா? அது தொட்டியில் போய் முடிகிறதா, சும்மா சுவரோடு நின்றுவிடுகிறதா? இங்கே ஒரு எளிய கணக்கு உதவும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை என்றால் 1,000 லிட்டர். இப்போது பக்கத்தில் இருக்கும் தொட்டியைப் பாருங்கள். ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரமுள்ள தொட்டி சரியாக அந்த ஒரே மழைக்குத்தான் போதும். நாலு பேர் வசிப்பதாகக் காட்டும் வீட்டுக்கு இவ்வளவு சிறிய தொட்டி வைத்திருந்தால், அதைக் கட்டியவர் அழகுக்காக வைத்தார் என்று புரியும். பெரிய தொட்டியை மண்ணுக்கடியில் புதைத்து, மேலே மூடி மட்டும் தெரிய வைத்திருந்தால், அவர் கணக்குப் போட்டவர். அவரது தீவில் இன்னும் நிறைய நேரம் செலவிடலாம்.

அடுத்து, குளியலறைக்கும் சமையலறைக்கும் பின்பக்கம் போங்கள். குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் எங்கே போகின்றன? நன்றாக யோசித்த தீவுகளில் அது நாணல் படுகைக்குப் போகும். சரளைக்கல் நிரப்பிய ஆழமில்லாத பள்ளம், அதில் நாணல் வகைகள். வேர்களைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன, வேர்கள் அவற்றுக்கு இடம் கொடுக்கின்றன. அந்தப் படுகை வீட்டைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்று பாருங்கள். மேடாக இருந்தால் நீரை ஏற்ற பம்பு வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும். நிலத்தின் சரிவைப் பயன்படுத்தி நீரைத் தானாக இறங்க விட்டிருந்தால் அது கைதேர்ந்த வடிவமைப்பு. அங்கிருந்து பழத்தோட்டத்துக்கு ஒரு கால்வாய், தோட்டத்திலிருந்து குளத்துக்கு ஒன்று என்று போகும். கடைசியில் கடல் வந்துவிடும்.

ஓடுகிற நீரைப் பார்த்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். இங்கே நீர் ஓடுவது என்பது ஒரு படத்தைப் பரப்பின்மேல் நகர்த்துவது, அவ்வளவே. மேட்டை நோக்கிக்கூட ஓட வைக்கலாம். ஓட்டத்தை விட்டுவிட்டு, தொடக்கமும் முடிவும் இணைகின்றனவா என்று பாருங்கள்.

காற்றாலையும் சூரியத் தகடும்

இதே எச்சரிக்கை காற்றாலைக்கும் உண்டு. இறக்கை சுற்றுவதற்கு ஸ்கிரிப்டில், அதாவது பொருளுக்குள் எழுதி வைக்கும் சிறு நிரலில், ஒரே ஒரு வரி போதும். செகண்ட் லைஃபில் காற்று உண்மையிலேயே கணக்கிடப்படுகிறது. ஒவ்வொரு இடத்திலும் அதன் வேகத்தையும் திசையையும் ஸ்கிரிப்ட் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். அதனால் சில நிமிடம் நின்று கவனியுங்கள். சுற்றும் வேகம் மாறுகிறதா? மாறினால் அந்தக் காற்றாலை காற்றைக் கேட்டுச் சுற்றுகிறது. அப்படி ஒன்றைப் பார்த்தால் அதைச் செய்தவரைத் தேடிப் பாராட்டுங்கள்.

எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் உள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். அதனால்தான் நிஜத்தில் காற்றாலையை மரங்களுக்கு மேலே, தடையில்லாத உயரத்தில் வைக்கிறார்கள். தோப்புக்கு நடுவே மர உச்சிக்குக் கீழே சுற்றும் காற்றாலை, எத்தனை அழகாக இருந்தாலும், படத்துக்கு வைத்தது.

சூரியத் தகட்டுக்கும் சின்னக் கணக்கு ஒன்று உண்டு. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றல் விழுகிறது. இன்றைய தகடுகள் அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்குகின்றன. ஆக ஒரு சதுர மீட்டருக்கு 200 வாட். கூரையில் 20 சதுர மீட்டர் தகடு இருந்தால் உச்சத்தில் 4 கிலோவாட். கேமராவைக் கூரைக்கு மேலே கொண்டுபோய் எண்ணிப் பாருங்கள், பிறகு கீழே வந்து அந்த வீட்டில் என்னென்ன விளக்கு, இயந்திரம் இருக்கிறது என்று பாருங்கள். மின்கலம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலான தீவுகள் அதை மறந்துவிடுகின்றன. தகடு கண்ணுக்குத் தெரியும், மின்கலம் தெரியாது, அதனால் கட்டுபவர் நினைவுக்கு வருவதில்லை.

சூரியனை நகர்த்திப் பாருங்கள்

நேரில் போகும் எந்தச் சூழல் கிராமத்திலும் கிடைக்காத ஒரு வசதி இங்கே இருக்கிறது. சூரியனை நீங்களே நகர்த்தலாம். என்னைக் கேட்டால், மெய்நிகர் தீவைப் பார்க்கப் போவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

வேர்ல்ட் மெனுவில் என்விரான்மென்ட் என்பதற்குள் சூரிய உதயம், நண்பகல், சூரிய மறைவு, நள்ளிரவு என்ற நான்கு தேர்வுகள் உண்டு. பர்சனல் லைட்டிங் என்ற பகுதிக்குப் போனால் சூரியனின் உயரத்தையும் திசையையும் சிறிது சிறிதாக மாற்றலாம். மாற்றம் உங்கள் திரையில் மட்டும்தான், மற்றவர்களைத் தொந்தரவு செய்யாது. முன்னதாக கிராஃபிக்ஸ் அமைப்பில் சூரிய, நிலா நிழல்களை இயக்கி வையுங்கள். பார்த்து முடித்ததும் அணைத்துவிடலாம், கணினிக்குப் பாரம்.

இப்போது ஒரு வீட்டின் ஜன்னலுக்கு எதிரே நின்று சூரியனை மெல்ல ஏற்றுங்கள். கூரையின் நீட்டம் சரியான அளவில் இருந்தால், சூரியன் உயரே இருக்கும்போது நிழல் ஜன்னல் முழுவதையும் மூடும். தாழ்வாக இருக்கும்போது வெயில் உள்ளே தரைவரை வரும். உயரச் சூரியன் கோடைக்கு, தாழ்ந்த சூரியன் குளிர்காலத்துக்கு. எந்த இயந்திரமும் இல்லாமல் வீட்டைக் குளிராகவும் கதகதப்பாகவும் வைக்கும் வித்தை அந்த நீட்டத்தில்தான் இருக்கிறது. நிஜத்தில் இதைக் கண்ணால் பார்க்க மாதங்கள் காத்திருக்க வேண்டும். இங்கே சுட்டியை இழுத்தால் போதும்.

அடுத்து நள்ளிரவுக்கு மாற்றுங்கள். விளக்குகளைக் கவனியுங்கள். ஒளி கீழ்நோக்கி விழும்படி மூடி போட்டிருக்கிறார்களா, வானத்தை நோக்கிச் சிதறுகிறதா? கடற்கரையை ஒட்டிய விளக்குகள் என்ன நிறம்? முட்டையிலிருந்து வரும் கடலாமைக் குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் என்று நினைத்துப் போகும். கரையில் விளக்கு எரிந்தால் வழி தவறி நிலத்தை நோக்கி ஊரும். ஆமை முட்டையிடும் கரை என்று பலகை வைத்துவிட்டு, பக்கத்திலேயே வரிசையாக வெள்ளை விளக்கு போட்ட தீவுகளும் உண்டு. உரிமையாளரிடம் பணிவாகச் சொன்னால் பெரும்பாலானவர்கள் மாற்றிவிடுவார்கள். இரண்டு கிளிக் வேலைதான் அவர்களுக்கு.

முடிந்ததும் ‘யூஸ் ஷேர்டு என்விரான்மென்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் தீவுக்காரர் வைத்த வானம் திரும்பிவிடும். மறந்துவிட்டால் அடுத்த தீவிலும் உங்களுக்கு நள்ளிரவாகவே இருக்கும்.

கடலுக்குள்

அவதார் மூழ்கிச் சாகாது. நேராகக் கடலுக்குள் நடந்து போகலாம். நிறைய பேர் தண்ணீரைக் கண்டதும் திரும்பிவிடுகிறார்கள், தீவின் பாதி உழைப்பு அங்கேதான் கிடக்கிறது என்பது தெரியாமல்.

கரையோரம் அலையாத்தி மரங்கள் இருந்தால் அவற்றின் வேர்களை நெருங்கிப் பாருங்கள். சேற்றில் காற்று இல்லாததால் வேர்கள் நீருக்கு மேலே வந்து மூச்சு விடும் வகை அது. பென்சில் போல நிமிர்ந்து நிற்கும் வேர் ஒரு வகை மரத்துக்கு, வளைந்து இறங்கும் தாங்கு வேர் இன்னொரு வகைக்கு. அலையின் வேகத்தை உடைப்பதும் மீன் குஞ்சுகளுக்கு மறைவிடம் தருவதும் இந்த வேர்க்காடுதான். சாதாரண மரத்தைக் கடலில் நட்டுவிட்டு அலையாத்தி என்று பெயர் வைத்திருந்தால் உடனே தெரிந்துவிடும்.

இன்னும் உள்ளே போனால் கடல்புல். அதற்கு வெளிச்சம் வேண்டும், அதனால் படகுத்துறையின் பலகைகளுக்குக் கீழே அது வளராது. வெளிச்சம் புகும்படி இடைவெளி விட்டுப் பலகை அடித்திருந்தால் அங்கே யோசனை வேலை செய்திருக்கிறது. படகுகள் நங்கூரம் போட்டு நிற்கின்றனவா, நிலையான மிதவையில் கட்டியிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். நங்கூரமும் அதன் சங்கிலியும் கடல்புல்லைப் பிய்த்துவிடும்.

உயிர்கள் ஒன்றையொன்று அறிந்திருக்கின்றனவா?

பறவை பறக்கும், தேனீ சுற்றும், மீன் நீந்தும். இவை ஒவ்வொன்றும் தனித்தனி ஸ்கிரிப்டில் ஓடுகின்றனவா, ஒன்றோடொன்று தொடர்பு வைத்திருக்கின்றனவா என்பதுதான் தீவுகளைப் பிரித்துக் காட்டும் கேள்வி.

2006 வாக்கில் ஸ்வர்கா என்ற தீவு இதற்காகவே பேசப்பட்டது. ஒரே ஒரு பயனர் அங்கே முழுச் சூழல்மண்டலத்தை ஸ்கிரிப்டால் இயக்கிக் காட்டினார். காற்றில் மேகம் நகர்ந்து மழை பெய்யும். தேனீக்கள் மகரந்தத்தைக் கொண்டுபோனால்தான் செடிகள் விதை உதிர்க்கும். விதை காற்றில் போய், அந்தந்த இனத்துக்கு ஏற்ற நிலத்தில் விழுந்து, மழையும் கிடைத்தால்தான் முளைக்கும். மேகங்களை நிறுத்தினால் சில மணி நேரத்தில் எல்லாம் செத்துவிடும் என்பது அதை உருவாக்கியவர் சொன்னது. தேனீயை நிறுத்தினாலும் வளர்ச்சி நின்றுவிடும்.

நீங்கள் போகும் தீவு அந்த அளவுக்கு இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒரு பூச்செடி அருகே உட்கார்ந்து, தேனீ பூவில் அமருகிறதா அல்லது வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறதா என்று சிறிது நேரம் பார்த்தால் விடை தெரியும்.

கட்டியவரின் கட்டுப்பாட்டையும் புரிந்துகொண்டு மதிப்பிடுங்கள். தீவில் எவ்வளவு பொருள் வைக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. ‘லேண்ட் இம்பாக்ட்’ என்று அதற்குப் பெயர். தனியார் முழு ரீஜனுக்கு வழக்கமாக 20,000. மரம், கல், கதவுக் கைப்பிடி எல்லாமே அதிலிருந்து கழியும். நிலத்தின் பெயரைக் கிளிக் செய்தால் வரும் ‘அபௌட் லேண்ட்’ பெட்டியில் ‘ஆப்ஜெக்ட்ஸ்’ பகுதிக்குப் போனால் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று தெரியும். சூழல்நேயத் தீவைப் பற்றிய மிக நேர்மையான பாடம் இந்த எண்தான் என்று எனக்குத் தோன்றும். எல்லை உண்டு, அதற்குள் எதை வைப்பது, எதை விடுவது என்று அவர் ஒவ்வொரு முறையும் தீர்மானித்திருக்கிறார்.

ஆட்களிடம் பேசுங்கள்

திறந்த உரையாடலில் நீங்கள் எழுதுவது 20 மீட்டருக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும். தீவுக்காரர் அங்கே இருந்தால், வணக்கம் சொல்லிவிட்டுக் குறிப்பான கேள்வி ஒன்று கேளுங்கள். ‘நன்றாக இருக்கிறது’ என்று சொன்னால் நன்றி சொல்வார், பேச்சு முடிந்துவிடும். ‘நாணல் படுகையை ஏன் கிழக்கே வைத்தீர்கள்?’ என்று கேட்டால் அரை மணி நேரம் கூட்டிக்கொண்டு சுற்றிக் காட்டுவார். ஆள் இல்லையென்றால் அபௌட் லேண்டில் உரிமையாளர் பெயர் இருக்கும், நோட்கார்டில் எழுதி அனுப்பலாம். நிஜ வாழ்க்கை விவரம் எதையும் கேட்காதீர்கள், சொல்லவும் வேண்டாம்.

போகும்போது எளிய உடையில் போவதும் மரியாதை. ஏராளமான நகை, முடி, ஸ்கிரிப்ட் உள்ள ஆயுதம் எல்லாம் மாட்டிய அவதார் மற்றவர்களின் கணினியையும் இழுத்துப் பிடிக்கும்.

நன்கொடைப் பெட்டியில் போடுவது உங்கள் விருப்பம். ஒரு அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 250 லிண்டன் டாலர் கிடைக்கும், அதில் 50 போட்டால்கூட வாடகைக்கு உதவும். நிஜ உலகில் மரம் நடுகிறோம் என்று சொல்லிப் பணம் கேட்கும் பெட்டிகளிடம் மட்டும் கவனமாக இருங்கள். அப்படி நேர்மையாக நடந்த திட்டங்களும் உண்டு. ஆனால் நடுபவர் யார், எந்த அமைப்பு என்று வெளியே சரிபார்க்க முடியாத இடத்தில் போடாதீர்கள்.

உங்கள் கணினி எரிக்கும் மின்சாரம்

சூழலைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவர்கள் இதைத் தவிர்க்கக் கூடாது. 2006 இறுதியில் நிக்கோலஸ் கார் என்ற எழுத்தாளர் ஒரு கணக்குப் போட்டார். செகண்ட் லைஃபின் சர்வர்களையும் பயனர்களின் கணினிகளையும் சேர்த்து, எப்போதும் உள்ளே இருக்கும் ஓர் அவதாருக்கு ஆண்டுக்கு 1,752 கிலோவாட் மணி ஆகிறது, ஏறத்தாழ பிரேசிலில் வாழும் ஒருவருடைய சராசரி அளவு என்றார். அவர் எடுத்துக்கொண்ட எண்களைப் பற்றி அப்போதே விவாதம் நடந்தது. அதற்குப் பிறகு சர்வர்களும் மாறிவிட்டன, 2020 வாக்கில் எல்லாம் அமேசானின் மேகக் கணினிக்குப் போய்விட்டது. எண் பழசானாலும் கேள்வி பழசாகவில்லை.

உங்கள் கையில் இருப்பதைச் செய்யலாம். வேறு வேலை பார்க்கப் போகும்போது வியூவரைத் திறந்து வைக்காமல் மூடிவிடுங்கள். திரைக்கு நொடிக்கு 30 படம் போதும், அதற்கு மேல் வரையாதபடி வரம்பு வையுங்கள். நிழல், நீரில் தெரியும் பிம்பம் ஆகியவற்றைத் தேவைப்படும்போது மட்டும் இயக்குங்கள். கணினியின் விசிறிச் சத்தம் குறைவதை நீங்களே கேட்கலாம்.

குறிப்பும் அடுத்த பயணமும்

கிளம்பும் முன் வேர்ல்ட் மெனுவில் ‘லேண்ட்மார்க் திஸ் பிளேஸ்’ என்பதை அழுத்தினால் அந்த இடம் உங்கள் இன்வென்டரியில், அதாவது உங்கள் உடைமைகள் இருக்கும் பெட்டியில், சேர்ந்துவிடும். லேண்ட்மார்க்குக்குத் தீவின் பெயரை மட்டும் வைத்துவிடாமல், ‘நாணல் படுகை, நல்ல கூரை நீட்டம்’ என்று பார்த்ததையும் சேர்த்து எழுதுங்கள். பத்துத் தீவு ஆன பிறகு வெறும் பெயர்கள் எதையும் நினைவுபடுத்தாது. பிடித்த அமைப்புகளைப் படம் எடுத்துக் கணினியிலேயே வையுங்கள், தீவு நாளை இல்லாமல் போகலாம்.

சில தீவுகளைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். அப்போது சாண்ட்பாக்ஸ் என்று தேடுங்கள். யாரும் கட்டிப் பழகலாம், சில மணி நேரத்தில் பொருள்கள் தானாக உங்கள் இன்வென்டரிக்குத் திரும்பிவிடும். கன்ட்ரோலும் பியும் (B) சேர்த்து அழுத்தினால் கட்டும் கருவி வரும். நிரந்தரமாக வைத்துக்கொள்ள ஆசை என்றால் ஓபன்சிமுலேட்டர் என்ற இலவச மென்பொருளை உங்கள் கணினியிலேயே ஓட்டி, வாடகை இல்லாமல் சொந்தத் தீவு வைக்கலாம். ஃபயர்ஸ்டார்மில் அதற்கென்று தனிப் பதிப்பு இருக்கிறது.

முதல் கட்டுமானமாக முழுக் கிராமத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் ஒரு கூரை, ஒரு வடிகால், ஒரு தொட்டி. தொட்டியின் மேல் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்ற எண் மிதக்கும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட். அந்த எண் சரியாக வந்த பிறகு நாணலுக்குப் போகலாம்.